புதுப்பிப்பு: மாணவரிடம் போன் இல்லாத வகுப்பில் பிளிக்கர்ஸ் அட்டை

பி.எட். கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவர்களுக்காக முன்பு எழுதிய பிளிக்கர்ஸ் இழையின் தொடர்ச்சி இது. கறுப்புக் கட்டக் குறியீடு அச்சிட்ட அட்டையை மாணவர் தன் விடைக்கேற்பத் திருப்பித் தூக்கிக் காட்ட, ஆசிரியரின் போன் கேமரா விடையைப் படித்துக்கொள்ளும் முறை அது.

"பாதி அட்டை ஸ்கேன் ஆகவில்லை" என்று கேட்டவர்களுக்கு: பெரும்பாலும் விரல்தான் காரணம். கறுப்புக் கட்டத்தின் மூலை மறைந்தால் கேமராவுக்குப் புரியாது. வெள்ளை ஓரத்தை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். பளபளப்பான லேமினேஷன் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியாகிவிடும். வேண்டாம், கெட்டி அட்டையில் பிரிண்ட் போதும். அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் குழப்பம் வராது.

இதைவிட முக்கியம், ஸ்கேன் முடிந்தபின் செய்வது. சரியான விடையை உடனே காட்டாதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வளர்த்த முறைப்படி, சரியாகச் சொன்னவர்கள் சுமார் 30 முதல் 70 சதவீதம் என்றால், பக்கத்தில் இருப்பவருடன் இரண்டு நிமிடம் வாதாடவிட்டு மறுபடி ஸ்கேன். அதற்குக் கீழே என்றால் பாடத்தையே திரும்ப நடத்த வேண்டும்.

கேள்வியும் அதற்கேற்றதாக இருக்கட்டும். "முடுக்கத்தின் அலகு என்ன?" என்பதில் வாதாட ஒன்றுமில்லை. "மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் முடுக்கம் எவ்வளவு?" என்று கேளுங்கள்; பூஜ்ஜியம் என்று தவறாக எத்தனை அட்டை எழும் பாருங்கள்.