ஆர்ப் இன்ஸ்பெக்‌ஷன் போட்டதும் பாதிப் பேருக்கு நெட் இல்லை, அவசரம்

குழம்பிய_அட்மின்: போன வாரம் ஆபீசுக்குள்ளிருந்தே யாரோ ஆர்ப் ஸ்பூஃபிங் (எந்த ஐபி எந்த மேக் முகவரிக்கு உரியது என்று சொல்லும் ஆர்ப் செய்தியில் பொய் சொல்வது) செய்துவிட்டார்கள். எல்லா கணினியிலும் கேட்வேக்கு, அதாவது வெளியே போகும் ரவுட்டருக்கு, வேறு மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) காட்டியது. அதனால் ஸ்விட்சில், பொய் ஆர்ப்பைத் தடுக்கும் டைனமிக் ஆர்ப் இன்ஸ்பெக்‌ஷன் போட்டேன். இப்போது பாதிப் பேருக்கு நெட் இல்லை, பில் பிரிண்டரும் மூச்சுவிடவில்லை. மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார். உதவுங்கள்.

ரேக்_அறை: எந்த ஸ்விட்ச்? டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (யாருக்கு எந்த ஐபி தரப்பட்டது என்று ஸ்விட்ச் அட்டவணையில் குறித்துவைப்பது) போட்டீர்களா? எப்போது?

கேபிள்_மாமா: எனக்கென்னவோ லூப் என்றுதான் படுகிறது. ஒரே வயரின் இரண்டு முனையையும் யாராவது செருகியிருப்பார்கள்.

ரூட்_மூத்தவர்: கையேட்டைப் படிக்காமல் கமாண்ட் அடித்தால் இப்படித்தான், தம்பி. ஆர்ப் 1982-இல் வந்தது. பதில் சொல்பவன் யார் என்று அது கேட்பதே இல்லை. இப்போது ஸ்விட்ச் கேட்கிறது. ஸ்னூப்பிங் அட்டவணையில் இல்லாதவனின் ஆர்ப் குப்பைக்குத்தான் போகும்.

குழம்பிய_அட்மின்: சிஸ்கோ. ஸ்னூப்பிங்கும் இன்று காலை எட்டரைக்குத்தான், இரண்டும் சேர்த்தே.

ரேக்_அறை: அப்படியானால் புரிந்துவிட்டது. எட்டரைக்குப் பிறகு ஆன் செய்த கணினிகள் ஐபி கேட்டிருக்கும், அட்டவணையில் ஏறியிருக்கும். ராத்திரி முழுக்க ஓடியவை பழைய லீசிலேயே (முன்பு வாங்கிய ஐபியிலேயே) இருக்கின்றன. அவற்றில் ஐபியை ரெனியூ செய்யுங்கள். பிரிண்டருக்குக் கையால் போட்ட ஐபியா? அது அட்டவணைக்கு வரவே வராது, ஆர்ப் ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) எழுத வேண்டும். வேறு ஸ்விட்சுக்குப் போகும் அப்லிங்க் இருந்தால் அந்த போர்ட்டுக்கு ட்ரஸ்ட் (சோதிக்காமல் விடு) போடுங்கள். இல்லையென்றால் நொடிக்கு 15 ஆர்ப் தாண்டியதும் போர்ட்டே மூடிக்கொள்ளும்.

பூட்டு_ஐகான்: எதற்கு இந்தப் பாடு? இப்போது எல்லாம் எச்டிடிபிஎஸ், மறையாக்கம் செய்த இணைப்பு. நடுவில் உட்கார்ந்தவன் எதைப் படிப்பான்?

ரூட்_மூத்தவர்: படிக்கவே வேண்டாம். பாக்கெட்டை வாங்கிக் கீழே போட்டாலே நெட் நின்றுவிடும்.

கேபிள்_மாமா: எல்லா கணினியிலும் கேட்வேக்கு ஸ்டாட்டிக் ஆர்ப் (கையால் எழுதிய மாறாத பதிவு) போட்டால் தீர்ந்தது.

ரூட்_மூத்தவர்: ரவுட்டருக்கும் ஓர் ஆர்ப் அட்டவணை உண்டு மாமா, அதில் பொய் சொன்னால்?

பூட்டு_ஐகான்: ரவுட்டரை மாற்றும் அன்று மேசை மேசையாக யார் நடப்பது?

கேபிள்_மாமா: எங்கள் ஆபீசில் 12 மேசைதான். நடந்தால் சர்க்கரையும் குறையும்.

குழம்பிய_அட்மின்: ரெனியூ செய்ததும் வந்துவிட்டது. பிரிண்டர் ஸ்டாட்டிக்தான், சொல்ல மறந்துவிட்டேன். ஏசிஎல் போட்டேன், பில் வருகிறது. நன்றி.

ரேக்_அறை: சரி. லாகைப் பாருங்கள். கேட்வேயின் ஐபியைச் சொல்லிக்கொண்டு ஏதாவது போர்ட்டிலிருந்து ஆர்ப் வந்து விழுகிறதா? போன வார ஆள் அங்கேதான் இருப்பார். எந்த போர்ட்?

கேபிள்_மாமா: மூன்று நாளாயிற்று, அட்மினைக் காணோம். லூப் இருந்ததா என்றாவது சொல்லுங்கள்.