முதியோர் குடியிருப்பு + கப்பல் பயணம்: இரண்டும் ஒத்துவருமா?

ஓய்வுக்காரன்:
சீக்கிரமே ஓய்வு பெறப்போகிறேன். வீட்டை விற்றுவிட்டு மூத்த குடிமக்களுக்கான குடியிருப்புக்கு மாறிவிடலாம், வருஷத்துக்கு ஒரு தடவை சொகுசுக் கப்பலில் சுற்றலாம் என்று திட்டம். மனைவிக்கு மூட்டு வலி, தலைசுற்றல் பயம் வேறு. ஊரில் இல்லாத நாட்களுக்கும் குடியிருப்புக்குப் பணம் கட்ட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாடிவீடு:
கட்டத்தான் வேண்டும் சார். பராமரிப்புக் கட்டணம் நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும், முன்கூட்டிச் சொன்னால் சாப்பாட்டுக் கணக்கை மட்டும் கழிக்கிற இடங்கள் உண்டு, அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தால்தான். எனக்கு அது உறுத்தவில்லை. தண்ணீர்க் குழாயை மூடி, சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம், தனி வீட்டில் அந்த நிம்மதி ஏது?

ஆனால் வீட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள். முதலில் அங்கே வாடகைக்குச் சில மாதம் இருந்து பாருங்கள். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: கட்டணத்தை எப்படி ஏற்றுவார்கள், தம்பதியில் ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு என்ன உரிமை, படுக்கையில் விழுந்தால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா. முன்பணத்தை அடுத்த ஆள் குடிவந்த பிறகுதான் திருப்பித் தருவோம் என்று எழுதியிருக்கும் இடங்களும் இருக்கின்றன, அந்த வரியை நிதானமாகப் படியுங்கள்.

அலைகடல்:
கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்ட் பக்கமாக அறை கேளுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும், நடையும் மிச்சம்.

மூட்டு வலிக்காரர்களிடம் யாரும் சொல்லாத ஒன்று, எல்லா ஊரிலும் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கரைக்குச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டுச் சிறு படகில் கூட்டிப்போவார்கள், ஆடுகிற படகுக்குள் காலெடுத்து வைக்க வேண்டும். கிரேக்கத் தீவான சாண்டோரினியில் அப்படித்தான், கரை சேர்ந்த பிறகு மேலே ஊருக்குப் போக கேபிள் கார் வரிசை வேறு. பதிவு செய்யும்போதே எந்தெந்த ஊரில் படகு என்று கேட்டுவிடுங்கள்.

மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடலாம். காப்பீடு எடுக்கும்போது பழைய வியாதி எதையும் மறைக்காதீர்கள், நடுக்கடலில் ஹெலிகாப்டர் வரவழைக்க நேர்ந்தால் சொத்தே போய்விடும். கைக்குச் சானிடைசர் போதாது. கப்பலில் பரவுகிற, வாந்திபேதி தரும் நோரோவைரஸுக்குச் சோப்புதான் சரி.

தனிப்பயணி:
அண்ணா, நீங்கள் இருவர், கொடுத்துவைத்தவர்கள். என்னைப்போல் தனியாகப் போனால் பெரும்பாலும் இரண்டு பேருக்கான அறைக் கட்டணத்தைக் கிட்டத்தட்ட முழுசாகக் கேட்பார்கள். 2010இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் ஒற்றை ஆளுக்கென்றே சிறு அறைகள் வைத்தார்கள், கடல் பார்த்த ஜன்னல் மட்டும் கிடையாது. அதனால் எங்கள் முதியோர் குடியிருப்பு வளாகத்துத் தோழியோடு அறையைப் பகிர்ந்துகொள்கிறேன். அவர் குறட்டைக்கு நான் காதில் பஞ்சு, என் விடியற்கால அலாரத்துக்கு அவர் முறைப்பு! திரும்பி வந்தும் தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள், அதனால் சண்டை முற்றுவதில்லை.

ஓய்வுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. வீட்டை இப்போதைக்கு விற்கவில்லை, வாடகைக்கே போகிறோம். தலைசுற்றலுக்கு மாத்திரை எப்போது போடுவது?

அலைகடல்:
குமட்டல் வந்த பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது, கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும், மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று மேடத்தின் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.