1872 வாக்கில் பிறந்த தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை (பிளாக்பர்ன், லங்காஷயர்). உதவுங்கள்

பிளாக்பர்ன் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் இங்கிலாந்துக்காரர். மாமியாருக்கு 82 வயது. அவருடைய தாத்தா ஜான் எங்கே பிறந்தார், எந்த வீட்டில் பிறந்தார் என்று கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நான்கு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சிறுமியாக அவர் மடியில் உட்கார்ந்த ஞாபகம் மாமியாருக்கு இன்னும் இருக்கிறது.

கையில் இருப்பது இவ்வளவுதான். 1881 சென்சஸில் பிளாக்பர்னில் தாமஸ் 31, மனைவி எலன் 29, மகன் ஜான் 9, மகள் மேரி 4, கடைக்குட்டி 2. தாமஸும் எலனும் பருத்தி ஆலையில் விசைத்தறி நெசவாளிகள். 1891ல் ஜானும் அதே வேலை. 1897ல் அவருக்குத் திருமணம், அந்தச் சான்றிதழில் அப்பா பெயர் தாமஸ் என்றே இருக்கிறது. ஆனால் பிறப்புப் பதிவு மட்டும் இல்லை! குடும்பப் பெயரை இங்கே போடவில்லை, வடக்கே தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கும் பெயர். 1871லிருந்து 1873 வரை பிளாக்பர்னில் அதே பெயரில் நான்கு ஜான்கள். இரண்டு பேருக்குச் சான்றிதழ் வாங்கிப் பார்த்தேன், இரண்டிலும் அம்மா எலன் இல்லை. மீதி இரண்டையும் வாங்கவா?

ஏட்டுச்சுவடி:
வாங்காதீர்கள் அம்மா, கொஞ்சம் பொறுங்கள். இங்கிலாந்தின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை வைத்திருக்கும் ஜெனரல் ரெஜிஸ்டர் ஆபீஸ் (ஜிஆர்ஓ) இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் அவர்களுடைய அட்டவணையை இலவசமாகவே தேடலாம். பழைய அட்டவணையில் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் (மூன்று மாதத்துக்கு ஒரு பட்டியல், அதன் கடைசி மாதத்தின் பெயரில்) தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் உண்டு, இதில் 1837லிருந்தே போட்டிருக்கிறார்கள். மேரிக்கும் கடைக்குட்டிக்கும் என்ன பெயர் வருகிறது என்று முதலில் பாருங்கள். அதே பெயர் அந்த நான்கு ஜான்களில் யாருக்கும் இல்லையென்றால் நான்கு பேரும் உங்கள் ஆள் இல்லை, காசு மிச்சம்.

அப்புறம் தேதிக் கணக்கு. 1881 சென்சஸ் ஏப்ரல் 3 இரவுக்கானது. அன்று 9 வயது என்றால் 1871 ஏப்ரலுக்கும் 1872 ஏப்ரலுக்கும் நடுவில் பிறந்திருக்க வேண்டும். பதிவு செய்ய 42 நாள் அவகாசம் இருந்ததால் மார்ச்சில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் ஏறியிருக்கலாம். பதிவு மாவட்டமும் ஊரும் ஒன்றல்ல, டார்வனில் பிறந்தவர்கூட பிளாக்பர்ன் மாவட்டத்தில்தான் வருவார்.

இன்னொன்று, எனக்கு உறுத்துவது. ஜானுக்கும் மேரிக்கும் நடுவே ஐந்து வருட இடைவெளி. அந்தக் காலத்து வீடுகளில் இரண்டு வருடத்துக்கு ஒரு குழந்தை என்பது சாதாரணம். நடுவில் குழந்தை இறந்திருக்கலாம், இல்லையென்றால் கல்யாணமே அப்புறம்தான் நடந்திருக்கலாம். 1911 சென்சஸில் தாமஸும் எலனும் உயிரோடு இருந்தார்களா?

பிளாக்பர்ன் மருமகள்:
ஐயா, இருந்தார்கள்! 1911 படிவத்தின் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன், இதுவரை தட்டச்சு செய்த எழுத்துவடிவத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். தாமஸ் தன் கையாலேயே எழுதியிருக்கிறார், எழுத்து கொஞ்சம் நடுங்குகிறது. மணமாகி 36 வருடம். பிறந்த குழந்தைகள் 6, உயிரோடு 4, இறந்தவர்கள் 2. ஆனால் எனக்குத் தெரிந்து அப்போது உயிரோடு இருந்தவர்கள் ஜானையும் சேர்த்து ஐந்து பேர். 1881ல் மூன்று பேர், 1891ல் புதிதாக இரண்டு பேர், எல்லோரும் 1911ல் தனித்தனி வீடுகளில் இருக்கிறார்கள். கணக்குத் தெரியாமல் எழுதிவிட்டாரோ?

ஏட்டுச்சுவடி:
அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார் அம்மா. அந்தக் கட்டம் கேட்டது “இந்தத் திருமணத்தில்” பிறந்த குழந்தைகளை மட்டும். 1911 ஏப்ரல் 2ல் 36 வருடம் நிறைந்திருந்தால் கல்யாணம் 1874 ஏப்ரலுக்கும் 1875 ஏப்ரலுக்கும் நடுவில். அப்போது ஜானுக்கு இரண்டு, மூன்று வயது. தாமஸ் அவரை வெளியே விட்டுவிட்டுத்தான் எண்ணியிருக்கிறார். எத்தனையோ பேர் அந்தக் கட்டத்தில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து எழுதினார்கள், இவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறார். உங்கள் வழக்கில் அந்த ஓர் எண்தான் சாவி.

மயூரி:
அக்கா, நானும் மான்செஸ்டர் பக்கம் இப்படி ஒருவரைத் தேடியிருக்கிறேன். பழைய அட்டவணையை இலவசமாகத் தேட உதவும் ஃப்ரீபிஎம்டி தளத்தில் முதலில் அவர்களுடைய திருமணத்தைப் பிடியுங்கள். 1912க்கு முந்தைய அட்டவணையில் துணையின் பெயர் இருக்காது. தாமஸின் பெயருக்கு நேரே உள்ள பக்க எண்ணை அழுத்தினால் அதே பக்கத்தில் உள்ள மற்றவர்களும் வருவார்கள், பெரும்பாலும் நான்கு பேர். அதில் ஒரு எலன் இருந்தால் அவருடைய குடும்பப் பெயர் கிடைத்துவிடும், மேரியின் பதிவில் வரும் பெயரோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லையென்றால் எலன் ஏற்கனவே கைம்பெண்ணா என்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் அட்டவணையில் முதல் கணவரின் பெயர் நிற்கும்.

பிறகு ஜானை எலனின் குடும்பப் பெயரில் தேடுங்கள். மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தை என்றால் ஜிஆர்ஓ அட்டவணையில் தாயின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

பிளாக்பர்ன் மருமகள்:
கிடைத்துவிட்டார். எழுதும்போது கை நடுங்குகிறது. திருமணம் 1874 டிசம்பர் காலாண்டு, பிளாக்பர்ன், தொகுதி 8இ, இருவரும் ஒரே பக்கம். மேரியின் பதிவோடு எலனின் பெயர் ஒத்துப்போகிறது. அந்தப் பெயரில் 1872 மார்ச் காலாண்டில் ஒரே ஒரு ஜான், தாயின் பெயர் இடத்தில் மயூரி சொன்ன கோடு. அதைவிட, அவருடைய நடுப்பெயர் என்ன தெரியுமா? தாமஸின் குடும்பப் பெயர். நான் நான்கு மாதம் கடைசிப் பெயராகத் தேடியது நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஒரு சான்றிதழை மட்டும் வாங்கினேன். அப்பா பெயர்க் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு. தகவல் சொன்னவர் இடத்தில் ஒரு பெருக்கல் குறி, அதன் இருபக்கமும் “எலன் இட்ட குறி” என்று பதிவாளர் எழுதியிருக்கிறார். இருபது வயதுப் பெண், கையெழுத்துப் போடத் தெரியாது, கைக்குழந்தையைப் பதிய அவளேதான் போயிருக்கிறாள். மாமியார் அந்தக் குறியை விரலால் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. இப்போது தாமஸ்தான் உண்மையான அப்பா என்று அவரிடம் சொல்லலாமா?

ஏட்டுச்சுவடி:
“பெரும்பாலும் அவர்தான்” என்று சொல்லுங்கள். மணமாகாத தாய் தகப்பனின் குடும்பப் பெயரைக் குழந்தைக்கு நடுப்பெயராக வைப்பது அப்போது வழக்கம், நல்ல சாட்சி அது. ஆனால் 1897 திருமணச் சான்றிதழை மட்டும் ஆதாரமாக நம்பாதீர்கள். மாப்பிள்ளை வாயால் சொன்னதை எழுதிக்கொள்வதுதான் அது, வளர்த்தவரையே அப்பா என்று சொன்னவர்கள் நிறைய. பிரஸ்டனில் உள்ள லங்காஷயர் ஆவணக் காப்பகத்தில் சிறுவழக்கு நீதிமன்றப் பதிவேடுகளைக் கேளுங்கள். ஜீவனாம்சம் கேட்டு எலன் யார் மேலாவது மனுப் போட்டிருந்தால் பெயர் அங்கே இருக்கும், எல்லா வருடத்துப் பதிவேடும் தப்பிப் பிழைக்கவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

மயூரி:
மாமியாருக்குச் சம்மதமென்றால் மரபணுச் சோதனை செய்யலாம் அக்கா. மேரியின் வாரிசுகளோடு பொருந்துவது போதாது, எலன் வழியாகவும் பொருந்தும். தாமஸின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை வாரிசுகளோடு பொருந்தினால்தான் அது தாமஸ் வழி.

பிளாக்பர்ன் மருமகள்:
மாமியாரிடம் கேட்டேன். சோதனைக்குச் சரி என்றார், எச்சில் மாதிரி எடுத்து அனுப்பியாகிவிட்டது. ஆனால் அவர் உடனே கேட்டது வேறு: “இறந்த இரண்டு பேர் யார்?” அந்தப் படிவத்தில் 2 என்று பார்த்ததிலிருந்து அதே கேள்வி. எலனின் பெயரை வைத்துப் பிறப்புகளைத் தேடி 1875ல் ஆலிஸ், 1882ல் ராபர்ட் என்று இருவரையும் கண்டுபிடித்தேன். ராபர்ட்டின் இறப்பு 1884, வயது 2. ஆலிஸின் இறப்புதான் கிடைக்கவில்லை. 1876ல் ஓர் ஆலிஸ் இருக்கிறாள், ஆனால் வயது 8 என்கிறது.

மயூரி:
அக்கா, அவளாகத்தான் இருக்கும். அந்த அட்டவணையில் மாதக்கணக்கை வருடமாக ஏற்றிய பிழை நிறைய. எட்டு மாதக் குழந்தை எட்டு வயது என்று நிற்கும். தேவாலயப் பதிவேடுகளைத் தட்டச்சு செய்து போடும் லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் தளத்தில் அடக்கப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், அது இலவசம்.

பிளாக்பர்ன் மருமகள்:
இருக்கிறது மயூரி. வயது 8 மாதம். வீட்டு முகவரி, ஜான் பிறந்த அதே தெரு. மாமியார் தன் பைபிளின் முன்பக்கத்தில் இருவர் பெயரையும் ஜானுக்குக் கீழே எழுதிவிட்டார்.