காடு குறைந்தால் ஆற்றில் தண்ணீர் கூடுமா? (ன்சோயா ஆறு, விக்டோரியா ஏரிப் படுகை)

கயல்:
எம்.ஈ. நீரியல் இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்டுக்கு கென்யாவின் ன்சோயா ஆற்றை எடுத்திருக்கிறேன். எல்கன் மலையிலும் செரங்கானி குன்றுகளிலும் பிறந்து விக்டோரியா ஏரியில் சேர்கிற ஆறு. ஸ்வாட் என்ற நீரோட்டக் கணினி மாடலில் மழையைத் தொடாமல், காட்டைக் குறைத்து மக்காச்சோள நிலத்தைக் கூட்டி ஓட்டினேன். ஆண்டு நீரோட்டம் கூடுகிறது! "எங்கேயோ தப்பு, திரும்ப ஓட்டு" என்கிறார் கைடு. இது நிஜமாகவே தப்பா?

வைகைக்கரை:
காட்டை வெட்டினால் ஆறு வற்றும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்புட் ஃபைலைப் பாருங்க.

ஆலைக்காரர்:
அவசரப்படாதீங்க தம்பி. கயல்மா, கூடுவதில் ஆச்சரியமே இல்லை. அந்த ஆற்றங்கரையில் ஒரு சர்க்கரை ஆலையின் பம்ப் ஹவுஸ் பல வருஷம் என் பொறுப்பில் இருந்தது, அதனால் சொல்கிறேன்.

மரம் ஆழத்து ஈரத்தை வருஷம் பூரா உறிஞ்சி ஆவியாக விடும். மக்காச்சோளம் அறுவடையோடு நிறுத்திக்கொள்ளும். மிச்சப்படும் தண்ணீர் ஆற்றுக்குத்தானே வரணும்? பாஷ், ஹியூலெட் என்ற இரண்டு ஆய்வாளர்களும் உலகம் முழுக்க நடந்த 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளைத் தொகுத்து 1982-இல் எழுதியதும் இதைத்தான். கைடு மேசையில் அந்தக் கட்டுரையை வையுங்க.

ஆனால் வருஷக் கணக்கை வைத்து ஆலை ஓட்ட முடியாது. மேலே மலையில் ஒரு பெருமழை பெய்தால் ஆறு செம்மண் குழம்பாக வரும். பம்பின் வடிகட்டியான ஸ்ட்ரெய்னர் அடைக்கும், உள்ளே சுழல்கிற இம்பெல்லரை மணல் தின்னும். ஜனவரி, பிப்ரவரியிலோ ஆறு இறங்கி, உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வ் காற்றை இழுக்கும். உழுதும் மாடு மிதித்தும் இறுகின மண்ணில் மழை இறங்காமல் மேலாகவே ஓடிவிடுகிறது. கோடையில் கசிந்து வர அடியில் என்ன இருக்கும்? கீழே, ஆறு ஏரியில் சேர்கிற பக்கம், புடலாங்கியில் கரை கட்டி வைத்திருக்கிறார்கள், வெள்ளம் அதையும் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வரும்.

சராசரியைத் தள்ளி வைத்துவிட்டு எத்தனை நாள் எவ்வளவு ஓட்டம் என்று காட்டுகிற ஃப்ளோ ட்யூரேஷன் கர்வ் போடுங்க. அதன் இரண்டு நுனியைப் பாருங்க: வருஷத்தில் 5 சதவீத நாள் மட்டும் தாண்டுகிற ஓட்டம், 95 சதவீத நாள் தாண்டுகிற ஓட்டம். இன்னொன்று, மாடலில் காட்டை வயலாக மாற்றினால், மழையில் எவ்வளவு மேலாக ஓடும் என்று சொல்கிற கர்வ் நம்பர் மாறும். மண்ணின் ஊடுருவு திறன் தானாக மாறாது. அதை நீங்களே குறைக்கணும். இல்லாவிட்டால் கோடை ஓட்டத்தை மாடல் நல்லதாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

பயிர் வைத்தாலே கெடுதல் என்றும் இல்லை. இதே ஏரிப் படுகையில், கென்யாவின் கெரிச்சோவில் 1950-களின் கடைசியில் காட்டை எடுத்துத் தேயிலை வைத்து நீரை அளந்தார்கள். மண்காப்பு வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். செடி தரையை மூடின பிறகு ஆண்டு ஓட்டத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

கயல்:
நன்றி சார், ஊடுருவு திறனை நான் தொடவே இல்லை. அப்படியானால் 2020-இல் ஏரி மட்டம் ஏறியதற்கும் காடழிப்புதான் காரணமா?

ஆலைக்காரர்:
இல்லைம்மா. ஆற்றையும் ஏரியையும் ஒரே கணக்கில் போடாதீங்க. விக்டோரியா சுமார் 68,800 சதுர கி.மீ. பரப்பு. அதற்கு வரும் நீரில் ஏறக்குறைய 80 சதவீதம் ஏரியின் மேலேயே விழுகிற மழை. போவதிலும் பெரும்பங்கு ஆவியாகத்தான். 2019 கடைசியில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடேறி, அக்டோபர்–டிசம்பர் மழை கொட்டித் தீர்த்தது. 2020 மே மாதம், ஏரி நீர் நைலாக வெளியேறுகிற உகாண்டாவின் ஜின்ஜாவில் ஏரி 1964-இன் உச்சத்தை எட்டியது. அந்த 1964 உச்சம் எப்படி வந்தது? 1961-இலும் கடல் இப்படித்தான் இருந்தது, மழையும் அப்படியே. சில வருஷத்தில் ஏரி இரண்டு மீட்டருக்கு மேல் ஏறியது. அப்போது மலையில் காடு இன்றைவிட எவ்வளவோ அதிகம்!

2006-இல் ஏரி இறங்கினதற்கு வறட்சியோடு, மின்சாரத்துக்காக ஜின்ஜா அணைகளில் கூடுதலாகத் திறந்துவிட்டதும் சேரும்.

வைகைக்கரை:
அப்போ காடு இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதானா ஐயா?

ஆலைக்காரர்:
ஏரி மட்டத்துக்கு ஏறக்குறைய அப்படித்தான் தம்பி. ஆற்றோரம் குடியிருப்பவனுக்கு இல்லை. ஏரிக்குள் போய்ச் சேருகிற வண்டலுக்கும் ஆகாயத்தாமரைக்குத் தீனியாகிற உரச்சத்துக்கும் கூட இல்லை.

கயல், கடைசியாக ஒன்று. ன்சோயாவின் ருவாம்ப்வா அளவுநிலையத் தரவை எடுத்தால், மட்டத்தை ஓட்டமாக மாற்றும் ரேட்டிங் கர்வ் எந்த வருஷத்தது என்று கேட்டு வாங்குங்க. வண்டல் படிந்து ஆற்றுப்படுகை ஏறியிருந்தால், பழைய கர்வ் இல்லாத தண்ணீரை இருப்பதாகச் சொல்லும்.