டி-34க்கு பனிக்கால வெள்ளை: ஹேர்ஸ்பிரே முறை தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம் நண்பர்களே. 1/35 அளவில் டி-34/85ங்கிற சோவியத் டாங்கியோட மாடல் ஒண்ணு கட்டி, பச்சையும் அடிச்சாச்சு. அடுத்து பனிக்கால வெள்ளை, அதாவது பனியில் டாங்கி கண்ணுல படாம இருக்க மேல பூசுற வெள்ளை. போர்முனையில் இதைப் பெரும்பாலும் பிரஷ்ஷால அவசரமா பூசினாங்க. ஆட்கள் ஏறி இறங்குற இடம், ஹேட்ச் (ஆள் நுழையுற மூடி) ஓரம் எல்லாம் சீக்கிரமே தேய்ஞ்சு பச்சை தெரியும். அந்தத் தேய்மானம்தான் எனக்கு உயிர்.

அதைக் கொண்டுவரத்தான் ஹேர்ஸ்பிரே முறை: பச்சை மேல தலைமுடிக்கு அடிக்கிற ஹேர்ஸ்பிரே, அதுக்கு மேல அக்ரிலிக் வெள்ளை, அப்புறம் ஈரப் பிரஷ்ஷால தேய்க்கிறது. உதிரித் துண்டில் சோதிச்சப்போ வெள்ளை பொடியா உதிராம, நகம் அளவுக்குச் செதில் செதிலா பெயருது. ஹேர்ஸ்பிரே கனமா, வெள்ளை கனமா? பச்சைக்கு முதல்ல வார்னிஷ் அவசியமா? வெள்ளை அடிச்சு எவ்வளவு நேரத்துல தேய்க்கணும்? செஞ்சு பார்த்தவங்க, முடிஞ்சா கிட்டத்துல எடுத்த படத்தோட சொல்லுங்க. டாங்கியில் கை வைக்காம காத்திருக்கேன்.