இல்யா கோவல்சுக்: 2013-இல் என்.எச்.எல்-ஐ விட்டுப் போனது சரியா?

நீலக்கோடு:
வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்-இன் 2001 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வு) அட்லாண்டா த்ராஷர்ஸ் முதல் இடத்தில் எடுத்தது கோவல்சுக்கைத்தான். அந்த இடத்தில் தேர்வான முதல் ரஷ்யரும் இவர்தான். 2003-04-இல் 41 கோல் அடித்து ஜெரோம் இகின்லா, ரிக் நாஷ் இருவரோடும் சீசனில் அதிக கோல் அடித்தவருக்கான ராக்கெட் ரிஷார் விருதைப் பகிர்ந்துகொண்டார். பிறகு இரண்டு சீசனில் தலா 52 கோல். அப்படிப்பட்டவர் 2013 ஜூலை 11 அன்று, 30 வயதில், ஓய்வு என்று அறிவித்துவிட்டு ரஷ்ய லீக்கான கே.எச்.எல்-இல் ஆடும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எஸ்.கே.ஏ. அணிக்குப் போனார். அன்றைக்கு அவர் கணக்கு 816 ஆட்டம், 417 கோல், 816 புள்ளி (அடித்த கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்து). ஐந்து சீசன் தொடர்ந்திருந்தால் 500 கோல் கைக்கெட்டும் தூரம். போனவர் தன் ஆட்ட வாழ்க்கையைப் பாதியில் வெட்டிக்கொண்டதோடு, அப்போது ஆடிய நியூ ஜெர்ஸி டெவில்ஸை நட்டாற்றில் விட்டார் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

கணக்கப்பிள்ளை:
நட்டாற்றில் விட்டாரா? அந்த ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல வராது.

2010 ஜூலையில் டெவில்ஸ் முதலில் போட்டது 17 ஆண்டு, 10.2 கோடி டாலர். முதல் இரண்டு ஆண்டு 60 லட்சம் வீதம், அடுத்த ஐந்தாண்டு 1.15 கோடி வீதம், அதன்பின் இறங்குமுகம். கடைசி ஐந்தாண்டு வெறும் 5.5 லட்சம் வீதம். மொத்தப் பணத்தில் 9.5 கோடி முதல் பத்து ஆண்டில் முடிந்துவிடும், மீதி ஏழு ஆண்டுக்கும் சேர்த்து 70 லட்சம். ஏன் இப்படி? அணியின் சம்பள உச்சவரம்பில் ஏறுவது ஆண்டுச் சம்பளம் அல்ல, மொத்தத்தை ஆண்டுகளால் வகுத்த சராசரி. 17 ஆண்டுக்கு இழுத்ததால் கணக்கில் ஏறுவது ஆண்டுக்கு 60 லட்சம் மட்டும். ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 44 வயது. அந்த வயதுவரை ஆடுவார் என்று யாரும் நம்பவில்லை. லீக் நிராகரித்தது, நடுவர் ரிச்சர்ட் ப்ளாக் ஆகஸ்ட் 9-இல் அந்த நிராகரிப்பை உறுதி செய்தார். பிறகு 15 ஆண்டு, 10 கோடி என்று திருத்தி எழுதி செப்டம்பரில் அனுமதி வாங்கினார்கள்.

அதாவது அவர் முடியுமுன்னே விலகுவார் என்ற கணிப்பின் மேல்தான் அணி அந்தத் தாளை எழுதியது. அவர் விலகியது அவர்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம், அவ்வளவே.

நீலக்கோடு:
"அவ்வளவே" என்று முடிக்க முடியாது, ஐயா. அந்தத் தாளுக்காக அணி 30 லட்சம் டாலர் அபராதமும், ஒரு மூன்றாம் சுற்று, ஒரு முதல் சுற்றுத் தேர்வும் தண்டனையாகச் சுமந்தது. 2014-இல் லீக் இரக்கப்பட்டு அபராதத்தைப் பாதியாக்கி, முதல் சுற்றின் கடைசி இடமான 30-ஐத் திருப்பிக் கொடுத்தது வேறு கதை.

அவர் போன நாளைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை திறந்தது ஜூலை 5. அன்றே டெவில்ஸின் டேவிட் கிளார்க்சன் டொராண்டோவுக்குப் போய்விட்டார். ஆறு நாள் கழித்து, நல்ல ஃபார்வர்டுகள் (தாக்கும் வீரர்கள்) எல்லாம் விலைபோன பிறகு இவர் அறிவிக்கிறார். ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் அணி வேறு திட்டம் போட்டிருக்கும்.

விளைவு 2013-14-இல் தெரிந்தது. சமனான ஆட்டத்தைத் தீர்க்க ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட்அவுட் வரை போன 13 ஆட்டத்திலும் டெவில்ஸ் தோற்றது. பதிமூன்றிலும்! ஒவ்வொன்றிலும் அட்டவணையில் ஒரு புள்ளி போனது. பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) இடத்துக்கு அவர்கள் 5 புள்ளி குறைவு, 88-க்கு 93. இதே கோவல்சுக் 2011-12-இல் 14 ஷூட்அவுட் வாய்ப்பில் 11 கோல் போட்டவர்.

கணக்கப்பிள்ளை:
ஷூட்அவுட் கணக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் 2012-13-இல் அவர் இருந்தபோதும் டெவில்ஸ் பிளேஆஃப் போகவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பணப்பக்கம் இன்னும் தெளிவு. அவர் விட்டுப் போனது 12 ஆண்டு, 7.7 கோடி டாலர். 2013-இல் வந்த புதிய விதிப்படி, இப்படி நீண்ட ஒப்பந்தத்தில் ஒருவர் முன்னதாக விலகினால், ஏற்கெனவே வாங்கிய சம்பளத்துக்கும் உச்சவரம்பில் ஏறிய தொகைக்கும் உள்ள வித்தியாசம் அணியின் தலையில் விழும். ஒப்பந்தப்படி முதல் மூன்று ஆண்டுச் சம்பளம் 60, 60, 110 லட்சம், ஆக 2.3 கோடி. ஏறிய தொகை 2 கோடி. வித்தியாசமான 30 லட்சத்தை மீதி 12 ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 2.5 லட்சம். டெவில்ஸ் அனுபவித்த தண்டனை அதுதான், 2024-25 வரை. மாறாக ஆண்டுக்கு 66.67 லட்சம் இடம் காலியானது. அடுத்த ஐந்தாண்டுச் சம்பளம் 1 கோடிக்குக் குறையாமல் ஓடப்போகிறது, அதற்குப் பிறகு விலகியிருந்தால் இந்தத் தண்டனை பல மடங்கு ஏறியிருக்கும். அவர் போன நேரம் அணிக்கு வாய்த்த மிக மலிவான நேரம். அந்தக் கோடையிலேயே 41 வயது யாரோமிர் யாகரை எடுத்தார்கள், அவர் 67 புள்ளியோடு அணியில் முதலிடம்.

இடதுவளையம்:
இருவரும் தாளையே பார்க்கிறீர்கள். கொஞ்சம் பனிக்கட்டியையும் பார்க்கலாம்.

கோவல்சுக் வலக்கை ஆட்டக்காரர், நிற்பது இடப்பக்கம். பவர் பிளேயில் (எதிரணி பெனால்டியால் ஆள் குறைந்திருக்கும் நேரம்) இடது வட்டத்தருகே நிற்கும்போது அவருடைய மட்டையின் முகம் தளத்தின் நடுவை நோக்கித் திறந்திருக்கும். வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் பாஸை நிறுத்தாமலே அடிக்கலாம். கோல்கீப்பர் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு நகர்ந்து முடிப்பதற்குள் பக் (ரப்பர் வட்டு) வந்துவிட வேண்டும், அந்த அடியின் உயிரே அதுதான். மட்டை பக்கைத் தொடுமுன் சற்றுப் பின்னால் பனியைத் தட்டி வளைய வேண்டும், உடல் எடை முன்காலுக்கு மாற வேண்டும். பாஸ் ஓரடி பின்தங்கிக் கால்களுக்குள் வந்தால் எல்லாம் போச்சு: நிறுத்தித் திருப்புவதற்குள் எதிரணித் தடுப்பாளர் பாதையில் விழுந்துவிடுவார். பக் துள்ளி வந்தால் மட்டை காற்றை வெட்டும், எதிரணி தனியாக ஓடும்.

இந்த வேலையை அவர் எவ்வளவு நேரம் செய்தார் தெரியுமா? 2011-12-இல் சராசரியாக ஆட்டத்துக்கு 24 நிமிடத்துக்கு மேல். ஃபார்வர்டுக்கு 20 நிமிடமே பெரிய சுமை. அந்த ஆண்டு 83 புள்ளி, என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையின் இறுதி வரை 23 பிளேஆஃப் ஆட்டத்தில் 19 புள்ளி. அதையும் முதுகுத்தண்டு வட்டு பிதுங்கிய நிலையில் ஆடினார். லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸுக்கு எதிரான ஆறு இறுதி ஆட்டத்திலும் அவருக்கு ஒரே கோல், அதுவும் நான்காம் ஆட்டத்தில் காலி வலைக்குள். உடல் சொன்னதை அவர் கேட்டார் என்பது என் எண்ணம். 500 கோல் "கைக்கெட்டும் தூரம்" என்று எழுதும் நீலக்கோடு அந்த முதுகைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நீலக்கோடு:
முதுகுதான் காரணம் என்றால் எஸ்.கே.ஏ.-வில் எப்படி ஆடினார்? 2016-17-இல் 60 ஆட்டத்தில் 78 புள்ளி. அடுத்த சீசனில் 63 புள்ளி, லீக்கிலேயே முதலிடம். உடல் நன்றாகவே இருந்தது. அந்த உடலை அவர் எளிதான லீக்கில் செலவழித்தார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் 5 கோல், சிறந்த வீரர் விருது, தங்கம், எல்லாம் உண்மை. ஆனால் என்.எச்.எல். வீரர்கள் யாரும் வராத ஒலிம்பிக் அது. இறுதியில் ஜெர்மனியைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்றுதான் வெல்ல முடிந்தது, வெற்றி கோலும் கப்ரீசோவுடையது.

இடதுவளையம்:
எளிதான லீக் என்று ஒரே வரியில் தள்ளாதீர்கள், தம்பி. எஸ்.கே.ஏ. பணம் கொட்டியும் கோப்பை வெல்லாத அணி. 2015-இல் கேப்டனாக அணிக்கு முதல் ககாரின் கோப்பையை (கே.எச்.எல். பட்டம்) வாங்கித் தந்து, பிளேஆஃபின் சிறந்த வீரரும் ஆனார். 2016 பிளேஆஃபில் பயிற்சியாளர் ஸுபோவ் அவரை அணியிலிருந்தே நீக்கி உட்காரவைத்தார், அந்த அளவுக்கு அங்கே கணக்குக் கேட்டார்கள். 2017-இல் மறுபடியும் கோப்பை.

சிறந்த வீரர்கள் இல்லாத இடத்தில்தான் ஜெயித்தார் என்பதும் சரியல்ல. 2008 உலகச் சாம்பியன்ஷிப் இறுதியை எடுங்கள். கியூபெக் நகரம், என்.எச்.எல். அளவுத் தளம், எதிரே என்.எச்.எல். வீரர்கள் நிறைந்த கனடா. ரஷ்யா 2-4 பின்தங்கியிருந்தது. தொடர் முழுக்க கோலே அடிக்காத கோவல்சுக் மூன்றாம் பகுதியில் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் கனடாவின் நாஷ் பக்கைக் கண்ணாடிக்கு மேல் தூக்கிப் பெனால்டி வாங்கியபோது கோல்கீப்பர் கேம் வார்டைத் தாண்டி அடித்து 5-4 என முடித்தார். அடுத்த ஆண்டும் உலகச் சாம்பியன்ஷிப் பட்டம், அவரே தொடரின் சிறந்த வீரர்.

கணக்கப்பிள்ளை:
ஹாக்கியின் பெரும் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் பற்றியும் ஒரு வார்த்தை. அது என்.எச்.எல். கூடம் மட்டுமல்ல, 18 பேர் குழுவில் 14 ஓட்டு வேண்டும். இன்னொரு ரஷ்யரான பாவெல் புரே 702 ஆட்டத்தில் 437 கோலோடு 2012-இல் நுழைந்தார். ரஷ்யரான மொகில்னி 473 கோலோடு 2025 வரை காத்திருந்தார். கோவல்சுக் 926 ஆட்டத்தில் 443 கோல், மேலே இரண்டு உலகப் பட்டம், ஒரு ஒலிம்பிக் தங்கம், 2021-இல் அவன்கார்டு அணியோடு வென்றதையும் சேர்த்து மூன்று ககாரின் கோப்பை. இது எந்த வகையிலும் பாதியில் வெட்டுப்பட்ட கணக்கு அல்ல.

நீலக்கோடு:
புரேயைத் தடுத்தது முழங்கால். இவரைத் தடுத்தது இவரே. திரும்பிவந்த கதையைப் பாருங்கள். 2018-இல், 35 வயதில் கிங்ஸ் மூன்றாண்டுக்கு 1.875 கோடி கொடுத்தது. முதல் சீசனில் 64 ஆட்டம், 16 கோல். அடுத்ததில் 17 ஆட்டம் ஆடவிட்டு உட்காரவைத்தார்கள், டிசம்பர் 2019-இல் ஒப்பந்தமே ரத்து. கால் வேகம் குறைந்தபின் தவறிய பக்கைத் துரத்தி மீட்க அவரால் முடியவில்லை. அதற்குப் பிறகும் மாண்ட்ரியாலில் 7 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் 22 ஆட்டத்தில் 6 கோல், 13 புள்ளி. 36 வயதில் அந்த அடி இன்னும் என்.எச்.எல். கோல்கீப்பர்களைத் தாண்டியது. அப்படியானால் 30-லிருந்து 35 வரை எத்தனை தாண்டியிருக்கும்? நீங்கள் இருவரும் அந்த ஐந்து சீசனுக்கு ஒரு எண்ணைச் சொல்லுங்கள்.

இடதுவளையம்:
சொல்கிறேன். அந்த முதுகோடு, 24 நிமிடம் வீதம், பாஸ் கொடுக்க ஆள் குறைந்துகொண்டே போன டெவில்ஸில், சீசனுக்கு 20 முதல் 25. கூட்டினால் 500 தாண்டும், மறுக்கவில்லை. ஆனால் டெவில்ஸ் அந்த ஐந்தில் முதல் நான்கு சீசன் பிளேஆஃபே பார்க்கவில்லை. அந்த நூறு கோலுக்கு இரண்டு ககாரின் கோப்பையையும் ஒலிம்பிக் தங்கத்தையும் நான் மாற்றித் தரமாட்டேன்.