"பொம்பளப்புள்ளைக கேக்கலையே"ன்னு சொல்றாக. ஸ்கூல் விளையாட்டுக் காசுல பங்கை எப்படிக் கேக்குறது?

கடக்கரைத் தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துக்கும் ஏர்வாடிக்கும் நடுவுல ஒரு கடக்கரை ஊரு எங்களுது. ஊர் பேரு வேணாம், ஸ்கூல் பேரும் வேணாம். எம்புள்ள இன்னும் அங்கதான் படிக்குது. நான் வீட்டுல மிஷின் போட்டுத் தைக்கிறேன், வீட்டுக்காரர் நாட்டுப்படகுல கடலுக்குப் போறவரு. மக ஒம்போதாவது, கவர்மெண்ட் ஸ்கூல். வாலிபால்னா அவளுக்கு உசுரு.

போன மாசம் ஒரு சாயங்காலம் பந்தைத் தூக்கிட்டு வந்து மிஷின் மேல வச்சா. "தச்சுக் குடும்மா"ன்னா. பொம்பளப்புள்ளைகளுக்குன்னு குடுத்திருக்குற ஒரே பந்து அதான். ரெண்டு துண்டு சேர்ற எடத்துல நாலு வெரக்கடை நீளத்துக்குத் தையல் விட்டு, உள்ள இருக்குற பிளாடர் கொப்புளம் மாதிரி பிதுங்கிக்கிட்டு நின்னுச்சு. காத்தை எறக்கி, பிளாடரை ஒரு பக்கமா ஒதுக்கிட்டு, கோணி ஊசியில வலை நூலைக் கோத்துத் தச்சேன். தைக்கையில லைட்டு வெளிச்சத்துல அவ கையைப் பாத்தேன். மணிக்கட்டுக்கு மேல உள்பக்கம், அந்தக் கொப்புளம் பட்ட எடமெல்லாம் கன்னிப்போயி நாவப்பழக் கலர்ல கெடந்துச்சு. ரெண்டு வாரமா அந்தப் பந்தைத்தான் கையில வாங்கிருக்காளுக. பதினாலு புள்ளைக, ஒரு பந்து.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவுல உறுப்பினர். அடுத்த கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டேன். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு வருஷத்துக்கு 25,000 ரூவா வரைக்கும் விளையாட்டு மானியம் உண்டுன்னு எனக்குத் தெரியும். என்ன வாங்குனீகன்னு கேட்டேன், பட்டியலைக் காட்டுனாக. புட்பால் நாலு, வாலிபால் மூணு, கிரிக்கெட் செட்டு, பயலுக டீமுக்கு ஜெர்சி. பொம்பளப்புள்ளைகளுக்குன்னு ரிங் ரெண்டு, ஸ்கிப்பிங் கயிறு ஆறு, கேரம் பவுடர். வாலிபால் மூணும் யாருகிட்ட இருக்குன்னேன். "பசங்க டீம்ல. பொம்பளப்புள்ளைக கேக்கலையேம்மா"ன்னு சார் பதில் சொன்னாரு.

அந்த சாரைக் கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கு ஒவ்வொரு புள்ளையா வீட்டுல கொண்டுபோயி விட்டவரு. ஆனா அந்த வார்த்தை என்னைய விட மாட்டேங்குது. பிடி பீரியடுல பயலுக மைதானத்துக்கு ஓடுறாக. புள்ளைக வேப்ப மரத்தடி. விழா வந்தா கோலம் போட அவளுகளத்தான் கூப்புடுறாக. அக்கம்பக்கத்து ஸ்கூலுக மோதுற குறுவட்டப் போட்டிக்குப் பயலுக டீம் போயிட்டு வந்துருச்சு. பொம்பளப்புள்ளைக டீமு பேரு குடுத்தும் போகல, கூடப் போக லேடி டீச்சர் இல்லைன்னுட்டாக. 1998-ல நான் 400 மீட்டர்ல குறுவட்டத்துல மொத ஆளா வந்தேன். மாவட்டத்துக்கு நான் போகாததுக்கும் இதே காரணந்தான் சொன்னாக.

எங்க அம்மா கடல்பாசி எடுக்கப் போகும். விரலெல்லாம் துணியச் சுத்திக்கிட்டு, பாறையில மூச்சடக்கி முங்கி எந்திரிக்கும். அது பேத்தியப் பாத்து யாரும் தெம்பில்லைன்னு சொல்லிற முடியாது.

என் கேள்வி ரெண்டு. இதுல பொம்பளப்புள்ளைகளுக்குப் பங்குன்னு ஏதாவது விதி இருக்கா? இன்னொன்னு, எம்மக பேரு அடிபடாம இதை எப்படிக் கேக்குறது?

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்:

தாயி, 31 வருஷம் இதே கடற்கரைப் பள்ளிகளில் விசில் ஊதியவன் நான். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. "கேட்கவில்லை" என்று நானும் சொல்லியிருக்கிறேன். கேட்பதற்கு அவர்களிடம் நான் எதைக் காட்டினேன் என்று யோசித்ததில்லை.

பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் மைதானத்துக்குப் போய் வாலிபால் கம்பத்தைப் பாருங்கள். வலை கட்டும் கொக்கி ஒன்றுதான் இருக்கும், அதுவும் ஆண்கள் உயரத்தில் பற்றவைத்திருப்பார்கள். ஆண்களுக்கு வலையின் மேல் விளிம்பு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். வயது குறைந்த பிரிவுகளுக்கு இன்னும் தாழ்வு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம்தான். ஆனால் அந்த உயரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையால் பந்தை அடித்து இறக்க முடியாது. தள்ளித்தான் விட முடியும். நாலு மாதம் தள்ளித் தள்ளி விட்டால் "இவளுகளுக்கு அடிக்க வராது" என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். நான் கட்டியிருக்கிறேன்.

குண்டு எறிதலும் இப்படித்தான். பெரியவர்கள் பிரிவில் ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. எறியும் தட்டு ஆண்களுக்கு 2 கிலோ, பெண்களுக்கு 1. பள்ளிப் பிரிவுகளிலும் வயதுக்கேற்ப தனித்தனி எடை உண்டு. பள்ளியில் பையன்கள் குண்டு மட்டும் இருந்தால் பெண் பிள்ளை அதைத் தோளில் வைத்தே மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்வாள். கபடி ஆடுகளம் ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. சுண்ணாம்பில் ஒரு கோடு சேர்த்துப் போட்டால் போதும், செலவே கிடையாது. அந்தக் கோட்டை எத்தனை பள்ளியில் பார்த்திருக்கிறோம்?

கூடப் போகும் ஆசிரியை விஷயத்தைப் போட்டிக்கு முதல் நாள் பேசினால் நடக்காது. கணக்கு டீச்சருக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கும், அறிவியல் டீச்சருக்கு ராமநாதபுரம் பஸ் இருக்கும். ஜூன் மாதமே, பள்ளி திறந்ததும், இந்தப் போட்டிக்கு இவர், அவர் வர முடியாவிட்டால் இவர் என்று ரெண்டு பேர் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வெளியே போகும் நாளை அவர்களுக்குப் பணி நாளாக எழுதித் தர வேண்டும். நான் கடைசி ஆறு வருஷம் அப்படிச் செய்தேன். ஒரு வருஷமும் பெண்கள் அணி போகாமல் நின்றதில்லை. முதல் 25 வருஷம் ஏன் செய்யவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சட்டக் கல்லூரி மாணவி:

அக்கா, உங்க முதல் கேள்விக்குச் சொல்றேன். விளையாட்டு மானியத்துல இத்தனை சதவீதம் பெண் பிள்ளைகளுக்குன்னு பங்கு போட்டுச் சொல்ற தனிச் சட்டத்தை நம்ம ஊர்ல எதிர்பார்க்காதீங்க. இருக்கறதை வச்சே கேட்கலாம். அரசியலமைப்புச் சட்டம் 15-வது பிரிவு, அரசு பால் அடிப்படையில பாகுபாடு காட்டக் கூடாதுன்னு சொல்லுது. அதே பிரிவோட மூணாவது உட்பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தருது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில மைதானமும் விளையாட்டுப் பொருளும் இருக்கு. அந்தச் சட்டம் எட்டாவது வரைக்கும்தான்.

உங்களுக்கு முக்கியமானது அதே சட்டத்தோட 21-வது பிரிவு. பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பெற்றோர், மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள் இருக்கணும். அரசு தர்ற மானியம் எப்படிச் செலவாகுதுன்னு கண்காணிக்கறது குழுவோட வேலைன்னே எழுதியிருக்கு. அதனால நீங்க கேட்டது உங்க மகளுக்கான சலுகை இல்ல, உங்க கடமை. குழு உறுப்பினரா எழுத்துல கேளுங்க, மகள் பேர் எங்கயும் வர வேண்டாம். பதில் வரலைன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிச்சா 30 நாள்ல பதில் தரணும்.

"கேக்கல"ங்கற வாதம் அமெரிக்காவுல நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. அங்க 1972-ல டைட்டில் நைன்னு ஒரு சட்டம் வந்துச்சு. மத்திய அரசுப் பணம் வாங்கற எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண்ணுன்னு பார்த்து யாரையும் ஒதுக்கி வைக்கக் கூடாது. ஆட வாய்ப்பு மட்டுமில்ல, உபகரணம், பயிற்சி நேரம், பயணச் செலவு, பயிற்சியாளர்னு எல்லாத்தையும் கணக்குல எடுப்பாங்க. அந்தச் சட்டம் வர்றதுக்கு முன்ன 1971-72-ல அங்க உயர்நிலைப் பள்ளி அணிகள்ல ஆடின பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. 2018-19-ல 34 லட்சம். பிரவுன் பல்கலைக்கழகம் 1991-ல பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், வாலிபால் அணிகளுக்குப் பணத்தை நிறுத்தினப்ப மாணவிகள் வழக்குப் போட்டாங்க. பெண்களுக்கு ஆர்வம் குறைவுன்னு நிர்வாகம் வாதாடுச்சு. 1996-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏத்துக்கல. வாய்ப்பும் பழக்கமும் இருந்தாத்தான் ஆர்வமே வளரும்னு சொல்லிருச்சு. அந்தத் தீர்ப்பு நம்மளைக் கட்டுப்படுத்தாது. ஆனா கூட்டத்துல எடுத்துச் சொல்லலாம்.

வலைக்கம்பம்:

அக்கா தப்பா எடுத்துக்காதீக. நானும் மீனவர் வீட்டுப் பையன்தான். வாலிபால் ஆடி, சர்டிபிகேட் வச்சு, விளையாட்டு ஒதுக்கீட்டுல போலீஸ் வேலைக்கு வந்தேன். எங்க வீட்டுல மொத மாசச் சம்பளம்னு வாங்குனது நான்தான். அந்த மூணு பந்துலயும் ஒண்ணைப் புடுங்கிட்டா பயலுக டீம் படுத்துரும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலத்துல வீட்டுல காசு இருக்காது, ஷூ கூட வாங்க முடியாது. பயலுகளுக்கே பத்தலைங்கறதையும் பாருங்க. பொம்பளப்புள்ளைகளுக்கு வேணாம்னு சொல்லல, தனியா நிதி கேளுங்க.

கீழக்கரை லாத்தா:

எம்மவ எட்டாவது வரைக்கும் ஓடுனா. பெரியவளானதும் நானே நிப்பாட்டுனேன். அவ வாப்பா ஒண்ணுமே சொல்லல, நாந்தான். ட்ரவுசரு போட்டுத்தான் ஓடணும்ண்டு நெனச்சுக்கிட்டேன். பொறவுதான் தெரிஞ்சுது, முழுக்கால் பேண்ட்டும் முழுக்கை சட்டையும் போட்டு ஓடலாமாம். தலைத்துணி கட்டிக்கிட்டு ஆட புட்பால்ல 2014-லயும் பாஸ்கெட்பால்ல 2017-லயும் உலக அமைப்புகளே சரின்னுட்டாங்க. இதை ஸ்கூல்ல ஒருத்தராவது என்னைக் கூப்புட்டுச் சொல்லிருந்தா அவ ஓடியிருப்பா. இப்ப காலேஜு முடிச்சுட்டா.

தங்கச்சி, கூட்டத்துல இன்னொண்ணும் கேளு. உடுப்பு மாத்த கதவு பூட்டுற மாதிரி ஒரு ரூமு, தண்ணி வர்ற கக்கூஸு. அந்த மூணு நாளுல புள்ளைக மைதானத்துப் பக்கம் வராததுக்கு விருப்பம் இல்லைங்கறது காரணமில்ல.

கடக்கரைத் தையல்காரி:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழிச்சு எழுதுறேன்.

வாத்தியார் ஐயா சொன்ன மறுநாளே போயி கம்பத்தைப் பாத்தேன். ஒரே கொக்கிதான். என் டேப்பு 150 சென்டிமீட்டர், அதுக்கு மேல ஒரு கோடு கிழிச்சு மறுபடி வச்சு அளந்தேன். சரியா 243. அத்தனை வருஷமா அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் நடக்குறேன், ஒரு நாளும் அண்ணாந்து பாத்ததில்ல. சார்கிட்ட வாயால கேட்டேன், "ஆகட்டும்மா"ன்னுட்டாரு. படகு வேலை பாக்குற வெல்டிங் பட்டறைத் தம்பி ரெண்டு கம்பத்துலயும் 224-ல ஒரு வளையம் வச்சுக் குடுத்தாப்ல. காசு வாங்கல, அவருக்கும் ஆறாவதுல மக.

அன்னைக்குச் சாயங்காலம் சுவத்துக்கு இந்தப்பக்கம் நின்னு பாத்தேன். எம்மக மொத மூணு தடவையும் பழக்கத்துல தள்ளித்தான் விட்டா. நாலாவது எகிறி அடிச்சா. நான் தச்ச அதே பந்து, எதிர்ப்பக்க மணல்ல குத்தி நின்னுச்சு. அவ கையையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னா.

போலீஸ் தம்பிக்கு: உங்க வீட்டுல மொதச் சம்பளம் வந்தது எனக்கு மனசார சந்தோஷம். அதனாலதான் கேக்குறேன். உங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்தது அந்தச் சர்டிபிகேட். குறுவட்டத்துக்கே போகாத புள்ளைக்கு எந்தச் சர்டிபிகேட் வரும்? தடைக்காலத்துல கஞ்சிக்குப் பாடா இருக்குறது பயலுக வீட்டுல மட்டும் இல்ல, அதே வீட்டுல அக்கா தங்கச்சியும்தான் இருக்காக. பயலுக பந்தை நான் புடுங்கச் சொல்லல. அடுத்த மானியம் வர்றப்ப எழுதுற பட்டியலை ரெண்டு பேருக்கும் சேத்து எழுதுங்கன்னுதான் சொல்றேன். தனி நிதின்னு ஒண்ணு வரும்னு காத்துக்கிட்டு இருந்தா எம்மக பன்னெண்டாவது முடிச்சுருவா.

லாத்தா, நீங்க எழுதுனதை எங்க தெருவுல நாலு அம்மாமாருக்கு வாசிச்சுக் காட்டுனேன். ரெண்டு பேரு மறுநாள் புள்ளைய அனுப்பிட்டாக. முழுக்கால் பேண்ட்டு நாந்தான் தச்சுக் குடுத்தேன், பாக்கெட் வச்சு.

வெள்ளிக்கிழமை கூட்டத்துல சட்டம் படிக்கிற தங்கச்சி சொன்ன மாதிரி எழுத்துல குடுத்தேன். அந்த 21-வது பிரிவைச் சொன்னதும் பக்கத்துல இருந்த மத்த அம்மாமாரும் நிமிந்து உக்காந்தாக. தீர்மான நோட்டுல மூணு விஷயம் ஏறிருச்சு. அடுத்த மானியத்துல பொம்பளப்புள்ளைகளுக்கு வாலிபால் மூணு, பொம்பளப்புள்ளைக எறியுற எடையில ஒரு குண்டு. குறுவட்டத்துக்குக் கூடப் போற டீச்சர் ரெண்டு பேரு, பேரோட. மாடிப்படிக்குக் கீழ இருக்குற ரூமைக் காலி பண்ணி, உள்தாப்பா வச்சுக் குடுக்குறது.

மைதான நேரத்துக்கு மட்டும் "பாப்போம்"னாக. அதை நான் விடுறதா இல்ல. பிடி பீரியடு 40 நிமிஷம். அடுத்த கூட்டம் வரைக்கும் யாரு எத்தனை நிமிஷம் மைதானத்துல நின்னாகன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைக்கிறோம், எங்க தெரு அம்மாமாரு மொறை வச்சு. இந்த வாரம் இதுவரைக்கும்:

திங்கள், பயலுக 40, பொம்பளப்புள்ளைக 0.
செவ்வாய், மழை, யாரும் எறங்கல.
புதன், பயலுக 40, பொம்பளப்புள்ளைக 15.